மிச்சக் கல், மிச்சக் கம்பி: சேலத்தில் கட்டட உபரியைச் சேர்த்துக் கொடுப்பது எப்படி

அழகாபுரம், சூரமங்கலம், சீலநாயக்கன்பட்டி என்று சேலத்தில் எந்தப் பக்கம் போனாலும் புது வீட்டு வாசலில் ஒரு குவியல் கிடக்கும். நூற்றைம்பது செங்கல், கால் யூனிட் (25 கன அடி) எம்-சாண்ட் என்னும் கல் உடைத்த மணல், பிரிக்காத இரண்டு மூட்டை சிமெண்ட், ஆறு பெட்டி டைல்ஸ். கட்டியவருக்கு அது இடைஞ்சல். நாலு தெரு தள்ளி ஒரு அங்கன்வாடியின் சுற்றுச்சுவர் இடுப்பளவில் நின்றுபோயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி வாடகைதான் குறை என்று தோன்றும். வேலையில் இறங்கினால் தெரியும், வாடகை சின்ன விஷயம். எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய விஷயம். கிடைத்ததையெல்லாம் ஏற்றி வந்தவர்கள் ஆறே மாதத்தில் சொந்தக் காசில் குப்பை அள்ள ஆள் தேடியிருப்பார்கள்.

இது புதிதாகத் தொடங்கும் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கான வழிகாட்டி. கிடங்கு, லாரி எதுவும் வேண்டாம். ஓர் அளவு நாடா, ஒரு தராசு, ஒரு நோட்டு, மழை படாத ஓர் அறை போதும்.

முதலில் வாங்கப் போகிறவரைப் பாருங்கள்

கொடுக்கிறவரைத் தேடிப் போவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. தேவை இருக்கிற இடத்துக்கு முதலில் போங்கள், அளவெடுங்கள். அங்கன்வாடிச் சுவரையே எடுத்துக்கொள்வோம். நீளம் 30 அடி, உயரம் 4 அடி, நாலரை அங்குலச் சுவர். மொத்தம் 120 சதுர அடி. நாலரை அங்குலச் சுவருக்கு 100 சதுர அடிக்கு 450 முதல் 500 கல் பிடிக்கும். ஆக 540 முதல் 600 கல். இந்தச் சுவர் தனியாக நிற்காது; 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக 9 அங்குலத் தூண் எழுப்ப வேண்டும். 4 தூணுக்கு 60 கல் கூடுதல். 1:5 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) 2 முதல் 2½ மூட்டை சிமெண்ட், 15 கன அடி மணல். அஸ்திவாரமும் பூச்சும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இப்போது ஒரு விஷயம் புலப்படும். ஒரு வீட்டில் மிஞ்சுவது 150 கல் என்றால், இந்தச் சுவருக்குக் குறைந்தது நாலு வீட்டுக் கல் வேண்டும். நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சூளையில் சுட்ட சேம்பர் கல்லும் மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல்லும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தாலும் உயரத்திலும் அகலத்திலும் வேறுபடும். ஒரே வரிசையில் கலந்து வைத்தால் மட்டம் பிசகும். கொத்தனார் கலவையை ஏற்றி இறக்கிச் சரிக்கட்டுவார். சிமெண்ட் கூடுதலாகப் போகும். எனவே நோட்டில் கல் என்று மட்டும் எழுதாமல் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். எது எவ்வளவு தேவை என்று பட்டியல் போட்ட பிறகுதான் முதல் போன்.

எப்போது கேட்பது

வீடு கட்டும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. மேல் தளம் போட்டு முடித்ததும் கம்பித் துண்டும் ஜல்லியும் மிஞ்சும். பூச்சு முடிந்ததும் பி-சாண்டும் (பூச்சு மணல்) சிமெண்டும் மிஞ்சும். தரை முடிந்ததும் டைல்ஸ், கடைசியில் பெயிண்ட். ஆனால் உரிமையாளர் மனசார எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வது கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு வாரம் முன்புதான். பந்தல் போட வாசல் காலியாக வேண்டும். அந்த அவசரம் உங்களுக்குச் சாதகம். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் பொருள் ஒரேயடியாகக் குவியும். உங்கள் அறையை அதற்கு முன்பே காலி செய்து வையுங்கள்.

உரிமையாளரிடம் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். மேஸ்திரியிடம் பேசுங்கள். காலி சிமெண்ட் சாக்கும் அரையடிக் கம்பித் துண்டும் பல இடங்களில் ஆட்களின் டீச் செலவுக்குப் போகிறவை. அதில் கை வைத்தால் அடுத்த சைட்டில் உங்களுக்கு ஒரு கல்கூட வராது. அந்தச் சின்னத் துண்டுகள் உங்களுக்கும் பயன்படாது. மேஸ்திரி உங்கள் பக்கம் இருந்தால் இன்னொரு லாபம்: எந்த மூட்டை எப்போது வந்தது, எந்தக் கல் எந்தச் சூளை என்று அவருக்குத்தான் தெரியும்.

சிமெண்ட்: தேதி, கட்டி, கை

மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதை முதலில் படியுங்கள். நன்றாக வைத்திருந்தால்கூட 3 மாதத்தில் சிமெண்ட் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 6 மாதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். தரையோடு தரையாகக் கிடந்தது என்றால் இந்தக் கணக்கே செல்லாது.

பிறகு மூட்டையின் நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள். விரலுக்கு நொறுங்கும் கட்டி வெறும் அடுக்கு அழுத்தத்தால் வந்தது; பரவாயில்லை. விரலுக்கு மசியாத கட்டி ஈரம் குடித்தது. சில பேர் அதை உடைத்துச் சலித்து எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். கட்டியாகாத பொடியும் அதே ஈரத்தில்தான் இருந்திருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். மூட்டைக்குள் கை விட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்தால் மாவு போல் வழுக்க வேண்டும்; மணல் போல் நெருடினால் விடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு வடை தட்டி, கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். 24 மணி நேரம் கழித்து நகத்தால் கீறினால் பொடி உதிரக் கூடாது.

3 மாதத்துக்குள் உள்ள, பிரிக்காத மூட்டை என்றால் கட்டுவேலை, பூச்சு, கீழே சொல்லப்போகும் வாய்க்கால் மூடி எல்லாவற்றுக்கும் ஆகும். 3 முதல் 6 மாதம் ஆனது நடைபாதைக் கல் பதிக்க, திண்ணைக்கு அடியில் போட. 1:5-க்குப் பதில் 1:4 கலக்குங்கள். அதற்கும் மேல் என்றால் வாங்காதீர்கள். கான்கிரீட் தூண், பீம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), மேல் தளம் ஆகியவற்றுக்கு உபரி சிமெண்ட் எந்த வயதிலும் வேண்டாம். நாலு வீட்டிலிருந்து வந்த நாலு மூட்டைக்கு நாலு வலு இருக்கும். தளம் அதைப் பொறுக்காது.

செங்கல்

புதுக் கல் என்றால் சோதனை சுலபம். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. மூன்றும் சரி என்றாலும் குவியலில் 5 கல்லை எடுத்து எடை போட்டு 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது வேகாத கல். கழிப்பறைச் சுவருக்கோ மழை அடிக்கும் சுவருக்கோ ஆகாது.

இடித்த வீட்டுக் கல்லில் கேள்வியே வேறு: என்ன கலவையில் கட்டியது? குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது இருந்தால் விடாதீர்கள். கொத்துக்கரண்டியால் லேசாகத் தட்டினால் கலவை கழன்று கல் முழுசாக வரும். சிமெண்ட் கலவையில் கட்டியது அப்படி வராது. கலவை கல்லைவிடக் கெட்டியாக இருப்பதால் தட்டும்போது உடைவது கல்தான். பாதிக்கு மேல் துண்டாகும். அதை முழுக் கல் கணக்கில் வாங்கிக்கொண்டு சுத்தம் செய்ய ஆள் கூலி கொடுத்தால் புதுக் கல் விலையைத் தாண்டிவிடும்.

சேலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்கே வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட் சுரங்கங்களும் உலைகளும் பல காலமாக இருப்பதால், உலையிலிருந்து கழற்றிய மேக்னசைட் கற்கள் சில இடங்களில் குவியலாகக் கிடைக்கும். அடர்ந்த பழுப்பு நிறம், அழகான விளிம்பு, கல்லும் பலமாக இருக்கும். எடுத்துச் சுவர் கட்டத் தோன்றும். அந்தக் கல்லில் இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு. மழை ஈரமும் கலவை ஈரமும் பட்டால் மெல்ல நீரேறி உப்பும். கட்டி நாளாகிச் சுவர் வெடிக்கும். ஜல்லியாக உடைத்துக் கான்கிரீட்டில் போட்டாலும் இதே கதை. கண்டுபிடிப்பது எளிது: அதே அளவு சாதாரணச் செங்கல் 3 கிலோ என்றால் இது 6 கிலோ பக்கம் நிற்கும். கையில் தூக்கியதும் ஒரு கல் இரு மடங்கு கனத்தால் கீழே வைத்துவிடுங்கள். உருக்காலைக் கசடை ஜல்லிக்குப் பதிலாக யாராவது தருகிறேன் என்றாலும் சோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்; அதிலும் இதே வகை உப்பல் உண்டு.

உடைந்த கல் வீணில்லை. மொட்டை மாடிக்குச் சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த மேல் அடுக்கு) போட அதுதான் சரக்கு. பொதுப்பணித் துறைக் கணக்கு இதுதான்: 20 மி.மீ. அளவுச் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. 100 சதுர அடிக்கு 3 அங்குலம் என்றால் இறுகிய பின் 25 கன அடி. அடிக்க அடிக்கத் தளம் கீழிறங்கும் என்பதால் உதிரி ஜல்லி 30 கன அடிக்குக் குறையாமல் வேண்டும்; சுமார் 250 முழுக் கல்லுக்கு ஈடான துண்டு. ஜல்லியை முதலில் நன்றாக நனையுங்கள். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும், தளம் பிடிக்காமல் பொரபொரவென்று நிற்கும். பரப்பியதும் மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை தெறித்துத் திரும்பும் வரை அடிப்பது பழைய ஆட்களின் அளவுகோல். பூச்சு ஒட்டிய துண்டையும் வேகாத கல்லையும் ஜல்லியில் சேர்க்காதீர்கள்.

கம்பித் துண்டும் வாய்க்கால் மூடியும்

கம்பியின் எடைக்கு ஒரு சூத்திரம் போதும்: விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. என்றால் 0.395 கிலோ. தராசு சொல்வதும் இதுவும் ஒத்துவராவிட்டால் கம்பி அரித்திருக்கிறது. பழுப்புத் துரு துணியால் துடைத்ததும் போனால் நல்லது. செதிலாக உரிந்தாலோ குழி விழுந்திருந்தாலோ காயலான் கடைக்கு. ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பியையும் இடித்த வீட்டுக் கம்பியையும் பாரம் தாங்கும் எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள்.

துண்டுக் கம்பியை ஒன்றோடொன்று கட்டி நீளமாக்கலாமே என்று கேட்பார்கள். இணைப்பில் ஒன்றின்மேல் ஒன்று விட்டத்தைப் போல 50 மடங்கு படிய வேண்டும், 8 மி.மீ.-க்கு 400 மி.மீ., 12 மி.மீ.-க்கு 600 மி.மீ. இரண்டடித் துண்டில் இணைப்பே பாதிக்கு மேல் தின்றுவிடும். துண்டைத் துண்டாகவே பயன்படுத்தும் வேலைதான் அதற்குப் பொருத்தம். திறந்து கிடக்கும் தெருச் சாக்கடைக்கு மேல் போட, ஆள் நடக்கிற மூடி அப்படி ஒரு வேலை. வாய்க்கால் உள்ளகலம் 1 அடி என்று வைத்து ஒரு மூடிக்கு உள்ள கணக்கு:

1. மூடியின் அளவு 2 அடிக்கு 1½ அடி, கனம் 2 அங்குலம். 1½ அடிப் பக்கம்தான் வாய்க்காலுக்குக் குறுக்கே உட்காரும். இரு கரையிலும் 3 அங்குலம் தாங்கும். எடை சுமார் 34 கிலோ, இருவர் தூக்கலாம்.

2. 8 மி.மீ. கம்பியில் 400 மி.மீ. துண்டு 5 குறுக்கே, 550 மி.மீ. துண்டு 3 நெடுக்கே. மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குறுக்குக் கம்பிதான் பாரம் தாங்குவது. அது அடியில் வர வேண்டும்.

3. பலகைச் சட்டத்தை மட்டமான தரையில், பிளாஸ்டிக் தாள்மேல் வையுங்கள். கம்பிக்கு அடியில் 20 மி.மீ. இடைவெளி விட ஜல்லி முட்டுக்கொடுக்காதீர்கள், புரண்டுவிடும். முதல் நாளே கலவையில் சின்னக் கட்டி வார்த்து வைத்து அதை முட்டுக்கொடுங்கள்.

4. கலவை 1:1½:3. ஒரு மூட்டைக்கு மணல் 1.9 கன அடி, ஜல்லி 3.75 கன அடி. இதில் 9 மூடி வரும். முக்கால் அங்குல ஜல்லி இந்தக் கனத்துக்குப் பெரிது, கம்பிக்கு அடியில் இறங்காமல் பொந்து விழும். அரை அங்குல ஜல்லியே போடுங்கள்.

5. ஈரம் காயும் முன் ஆணியால் மேல்புறத்தில் ‘மேல்’ என்று எழுதுங்கள். இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். மூடியைத் தலைகீழாகப் போட்டால் கம்பி மேலே போய்விடும். அடியில் வெறும் கான்கிரீட். நடக்கும்போதே நடுவில் விரிசல் விட்டு ஒருநாள் கால் உள்ளே போகும். மூடி உடைந்தது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எழுத்தைத்தான்.

6. மறுநாளிலிருந்து 10 நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். இது வண்டி ஏறும் மூடி அல்ல. பைக் ஏறும் இடம் என்றால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஒரு பொறியாளரைக் கேளுங்கள்.

டைல்ஸ், பெயிண்ட், கதவு

டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் நிறம் மாறும். 2 அடிக்கு 2 அடி பெட்டியில் பெரும்பாலும் 4 கல், அதாவது 15½ சதுர அடி. பெட்டி இல்லாமல் உதிரியாக வந்தால் பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது சுவர் டைல்ஸ். அதைத் தரையில் பதித்தால் நடையில் தேய்ந்து வெடிக்கும், ஈரத்தில் வழுக்கும். படுக்க வைத்து அடுக்காதீர்கள். விளிம்பில் நிற்க வையுங்கள். உடைந்த வெள்ளை டைல்ஸ் இருந்தால் சேலத்து வெயிலுக்கு மொட்டை மாடியில் சில்லு பதிக்கலாம், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பும். பதிக்கிறவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

பெயிண்டில் தண்ணீர்க் கலவை (எமல்ஷன்) வேறு, எண்ணெய்க் கலவை வேறு; இரண்டையும் கலக்கவே கூடாது. எமல்ஷன் டப்பாவைத் திறந்ததும் அழுகல் வாடை வந்தால் மூடிவிடுங்கள். ஒரே வகை எமல்ஷனை நைலான் துணியில் வடித்து ஒன்றாக ஊற்றினால் சாம்பலும் பழுப்புமாக ஒரு நிறம் வரும். சுற்றுச்சுவரின் உள்பக்கத்துக்கு முதல் கோட்டாக அடிக்கலாம். ஒரு லிட்டருக்கு இரண்டு கோட்டு 60 முதல் 70 சதுர அடி பிடிக்கும்.

பழைய கதவைக் கழற்றும்போது நிலையோடு சேர்த்துக் கழற்றுங்கள். கதவை மட்டும் எடுத்து வந்தால் கீல் இடம் பொருந்தாது. இடக் கதவா வலக் கதவா என்பதே தகராறாகும். நிலையின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமாக இருக்கிறதா பாருங்கள். குறுக்கே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் போய்ச் சேருவதற்குள் கோணிக்கொள்ளும். நிலைக்காலின் அடி அரையடியைக் குத்தூசியால் குத்துங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் முதலில் உட்காரும். ஊசி விரலளவு இறங்கினால் அந்த அளவை அறுத்துவிட்டு உயரம் குறைந்த இடத்துக்குக் கொடுக்கலாம். இன்னொரு வீட்டுத் தலைவாசல் நிலையைத் தங்கள் வாசலில் வைக்கப் பலர் ஒப்ப மாட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று வாதாடிப் பயனில்லை. சமையல்கட்டு, கொல்லைப்புறம், சாமான் அறை என்று கேட்டுக் கொடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அந்தக் கதவு வேண்டவே வேண்டாம்.

பழைய ஒயர், ஸ்விட்ச், வெயிலில் கிடந்து மஞ்சளித்த பிவிசி குழாய் இவற்றை விட்டுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடும் அப்படித்தான், முழுசாக இருந்தாலும் வேண்டாம். கழற்றும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குப் போகும்.

மலைக்கு ஏற்றுவது

ஏற்காட்டுக் கிராமங்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கணக்கெல்லாம் எடையில் போடுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் முக்கால் டன் ஏற்றலாம். 3 கிலோ கல்லில் 250, வாய்க்கால் மூடியில் 22, சிமெண்டில் 15 மூட்டை. சமவெளியில் 400 கல் ஏற்றிப் பழகிய டிரைவர் மேலேயும் ஏற்றுகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏறும்போது வண்டி திணறுவது கண்ணுக்குத் தெரியும். இறங்குவது பின்னால்தான், ஆனால் பாதி வழியில் திருப்ப வேண்டி வந்தால் பாரத்தோடு இறங்குகிற பிரேக்தான் சோதனை. சில்வர் ஓக் மரம் இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை பாதியாகும். மழைக்காலத்தில் மண் சரியும் செய்தி இருந்தால் ஏற்றாதீர்கள். குப்பனூர் வழி இன்னொன்று இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டைல்ஸையும் கூரை ஓடுகளையும் வண்டி போகும் திசைக்கு விளிம்பு இணையாக நிற்கவைத்து, இடையில் வைக்கோல் அல்லது கிழிந்த சாக்கு சொருகிக் கட்டுங்கள். பல சிற்றூர்களில் ரோடு முடிந்தபின் தலைச்சுமைதான். 50 கிலோ மூட்டையைப் பாதியாகப் பிரிப்பதென்றால் வேலை நடக்கும் அன்று காலையில் பிரியுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியில் பிரித்த சிமெண்ட் ஓரிரு நாளில் கட்டி தட்டும்.

மலைக்கு ஏற்ற பொருள் மங்களூர் ஓடு. 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு. கூரையின் சரிவுப் பரப்பை அளந்து கணக்கிடுங்கள், தரைப் பரப்பை அல்ல. ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சு இருக்கும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பள்ளமும் வரப்பும் மாறும். கலந்து போட்டால் ஒன்றுக்குள் ஒன்று படியாது, முதல் மழையிலேயே ஒழுகும். பெயர் வாரியாகப் பிரித்துக் கட்டுங்கள். ஒரு சரிவுக்கு ஒரே பெயர், முடியாவிட்டால் கொட்டகைக்குக் கொடுங்கள்.

ரீப்பர் இடைவெளியை ஊகித்து அடிக்காதீர்கள். 11 ஓட்டைத் தரையில் நீளவாக்கில் கோர்த்து, முதல் ஓட்டின் மேல் விளிம்பிலிருந்து கடைசி ஓட்டின் மேல் விளிம்பு வரை, இறுக்கித் தள்ளி ஒருமுறை அளந்து, பிடி விடாத அளவுக்கு இழுத்து மறுமுறை அளந்து, இரண்டின் சராசரியைப் பத்தால் வகுத்தால் அந்த ஓட்டுக்கான இடைவெளி வரும். பழைய ஓடு ஒவ்வொரு தொகுதிக்கும் சில மி.மீ. மாறும், 15 வரிசையில் அது சில அங்குலமாகி முகட்டில் நிற்கும். ஓரத்து வரிசையைக் கம்பியால் கட்டிவிடுங்கள், மலைக்காற்று அங்கேதான் கை வைக்கும்.

ஏற்காட்டுப் பக்கம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும வரம்பில் வரும் ஊர்கள் உண்டு. ஓடு மாற்றுவது, தரை போடுவது என்பது வேறு, புதுக் கட்டடம் எழுப்புவது வேறு. பின்னதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் கல் இறக்காதீர்கள்.

வைப்பதும் எழுதுவதும்

சிமெண்டைப் பலகைமேல், தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். பழையது முதலில் போக வேண்டும். எனவே புதுசை எப்போதும் பின்னால் வையுங்கள். மணலைச் செடியடியில் கொட்டாதீர்கள், இலை மக்கிக் கலந்துவிடும். மணலில் மண் இருக்கிறதா என்று அறிய, கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் முக்கால் வரை தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் பூச்சுக்கு ஆகாது.

ஒவ்வொரு வரவுக்கும் நோட்டில் தேதி, எங்கிருந்து, என்ன அளவு, எத்தனை, தயாரித்த வாரம், எந்த வேலைக்கு என்று ஆறு கட்டம். கொடுத்தவரிடம் பணம் வாங்காமல் தருகிறேன் என்று ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள். நாளை பங்காளி வந்து கேட்டால் அந்த வரிதான் பதில். அரசுப் பள்ளி, அங்கன்வாடி என்றால் தலைமையாசிரியரோ ஊராட்சியோ எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு கல்கூட இறக்க வேண்டாம்.

பெரிய இடிப்பு வேலையிலிருந்து யாராவது அழைத்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 2016-இன் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–கலவை என்று நாலாகப் பிரிக்க வேண்டும் என்றன. பிரித்து வைத்த குவியலிலிருந்து மட்டும் எடுங்கள். கான்கிரீட் கட்டியை ஜல்லியாக உடைத்துப் புதுக் கான்கிரீட்டில் போட இந்தியத் தரநிலை 383 வரம்பு வைத்திருக்கிறது: கம்பி போட்ட, எம்25 என்னும் வலுத் தரம் வரையான கான்கிரீட்டில் 20 சதவீதம், கம்பியில்லாததில் 25 சதவீதம், எம்15-க்கும் கீழான அடித்தளக் கலவையில் முழுவதும். கையால் உடைத்துச் சலித்துக் கழுவும் கூலியைப் பார்த்தால் சிறு குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. தரை உயர்த்தவும், மழைநீர்க் குழியின் அடியில் போடவும் பயன்படுத்துங்கள். குழிக்கு என்றால் பூச்சுத்தூளைச் சலித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும்.

மூன்று மாதம் ஆகியும் ஆள் வராத பொருள் ஒன்று உங்கள் அறையில் இருக்கும். பெரும்பாலும் அது நிறம் பொருந்தாத எட்டு டைல்ஸாகவோ ஒற்றை ஜன்னலாகவோ இருக்கும். பழைய கட்டடப் பொருள் கடையில் கொடுத்து, வந்த காசை அடுத்த வண்டி வாடகைக்கு வையுங்கள். திருமணிமுத்தாற்றுக் கரையிலோ ஏரி ஓரத்திலோ இரவோடு இரவாகக் கொட்ட ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வண்டிக்காரர் சொன்னால், அந்த வண்டியை மறுபடி கூப்பிடாதீர்கள்.